சூடேறாத பெட்டி

2005ஆம் வருடம், ஆடி மாதம் பிறந்திருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்படம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் கூலி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இசையும் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. கேட்டுக் கேட்டுத் தட்டிப் பழகியதுதான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. கச்சேரிக்குக் கிளம்பினால் அடாப்டர் எடுத்தோமா என்று பையைத் திறந்து பார்ப்பேன். தெருமுனையில் நின்று மறுபடியும் பார்ப்பேன். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் படி இறங்கியதில்லை. "ஒரு நாளு கதவு கையோட வந்துடப் போவுது பாரு" என்பாள் என் மனைவி. படிக்காதவன் எதையாவது தப்பாகச் செய்து பத்துப் பேர் சிரித்துவிடுவார்களோ என்கிற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

எங்கள் கேன்டீனில் சாப்பாடு போடுகிற அக்கா ஆரம்பாக்கத்திலிருந்து வருவார். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு, அது போதாமல் இவரும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் என் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா தம்பி, நீ பொட்டி வாசிப்பியாமே?"

ஆமாம் என்றேன்.

"என் தம்பியும் வாசிப்பான். அவன் பொட்டி நம்ம ஊட்லதான் கீது."

ஆவணியில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி ஏறுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய தங்கத் தகட்டை நூலில் கோத்துக் கட்டுவார்கள். அந்தத் தாய்மாமன்தான் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் கச்சேரி முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரியில் அடிபட்டுப் போய்விட்டார்.

"பெரியப்பா புள்ள ஒருத்தன் கீறான், அவன் கட்டுவான். அது முறைக்கு. அந்த நேரத்துல என் தம்பி பொட்டி சத்தம் கேட்டுச்சுன்னா, அவனே வந்து நின்னாப்பல இருக்கும். வாசிக்கிறியா?"

யோசிக்காமல் சரி என்று சொன்னது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா பழைய புடவையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார். கட்டைகள் குறைவான சின்னப் பெட்டி, ஆனால் தூக்கினால் அம்மிக்கல் கனம். மேலே இருபது முப்பது திருகுகள். அனலாக் சிந்தசைசர் என்பார்களே, அது. நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இந்தக் காலத்துக் கீபோர்டு மாதிரி பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல், வயலின் என்று வராது. அந்தத் திருகுகளைத் திருகித் திருகி நாமே சத்தத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

"போட்டா நல்லா சூடாவும். மழ நாள்ல பூனை இதும்மேலதான் படுத்துக்கும். பூனைய எழுப்பாத வாசிப்பான் என் தம்பி" என்று சிரித்தார் அக்கா.

ஒரு கேசட்டும் கொடுத்தார். அதில் அவர் தம்பி வாசித்த ஒரு சின்ன மெட்டு இருந்தது. எந்தப் பாட்டிலும் வராத மெட்டு, அவரே கட்டியது. ஒவ்வொரு கச்சேரியையும் அதை வாசித்துத்தான் தொடங்குவாராம். வீட்டில் உட்கார்ந்து வாசித்தபோது பதிவு செய்திருக்கிறார்கள். கோழி கத்துவதும் கேட்கும். கடைசியில் ஒரு பெண் குரல் வரும். "போதும்டா, சோறு ஆறிப் போவுது, வந்து துன்னு." அதோடு டேப் நின்றுவிடும். அது அக்காவின் குரல்தான்.

பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். சத்தம் வந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே குரலாக வராது, அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து முனகுவதுபோல வரும். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. கூடவே பயமும் வந்துவிட்டது. அந்த இரண்டு குரலும் சுருதி சேரவில்லை. ஒன்று மயிரிழை கீழே நின்றது. பெட்டி சூடேற ஏற இரண்டும் மெல்ல நகர்ந்தன. நாகஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற மேடையில் இதை வாசித்தால் என்ன சொல்வார்கள்? சுருதி தெரியாதவன், படிக்காதவன் என்பார்கள்.

சுருதி பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினேன். உள்ளே எள்ளுப்போல் சின்னச் சின்னத் திருகுகள். ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் திருப்பி, மீட்டர் முள் நேராக நிற்கும்வரை சரிசெய்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. பெருமையாக மெட்டை வாசித்துப் பார்த்தேன்.

செத்த சத்தமாக இருந்தது. மாவு சலித்தபின் சல்லடையில் நிற்குமே, அந்தத் தவிடுபோல. பதறிப்போய்ப் பழையபடி திருப்பினேன். பழைய இடம் எது என்று குறித்து வைத்திருந்தால்தானே? முன்னும் பின்னும் திருகியதில், பழைய காலத்துத் திருகு, ஒன்று பொடிந்து கையோடு வந்துவிட்டது. இரண்டு குரலில் ஒன்று அடங்கிப்போனது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற சென்னை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்று கடைக்காரர்கள் பார்த்தார்கள். மூன்றாவது ஆள், "இதுக்கு பார்ட்ஸ் கெடைக்காதுங்க. யாருங்க இத தொறந்தது?" என்று கேட்டார். யாரோ என்றேன்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது.

அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். தினமும் மத்தியானம் தட்டை நீட்டும்போது சொல்லத்தான் நினைப்பேன். "பொட்டி நல்லா கீதா தம்பி?" என்பார். "நல்லா கீதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். ஆனால் ஒரு முடிவு மட்டும் எடுத்துவிட்டேன். எதைக் கெடுத்தேனோ, அதை என் கீபோர்டிலேயே செய்துகாட்டாமல் விடப்போவதில்லை. வேலையையே இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன். காலையில் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் கேன்டீன் சாப்பாட்டுக்குச் சைக்கிளை எடுக்கும்வரை அந்தக் கேசட்டும் நானும்தான்.

என் கீபோர்டில் அறுநூறு சத்தம் இருந்தது. ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. சத்தத்தை மாற்றி அமைக்கலாம் என்று தெரியும், எப்படி என்பது புத்தகத்தில் இருந்தது. புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு வார்த்தையாகப் படம் வரைவதுபோல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுபோய், கம்பெனி லேபில் வேலை செய்கிற கெமிஸ்டிடம் காட்டுவேன். அவர் இரும்பில் எவ்வளவு கரி இருக்கிறது என்று பார்ப்பவர், பாவம், பொறுமையாகச் சொல்லுவார். ஒரு நாள் ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, "டீட்யூன்னா சுருதியக் கலைக்கறது. எதுக்குப்பா உனக்கு இது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சுருதியைக் கலைப்பதற்கென்று ஒரு பட்டனைக் கம்பெனிக்காரனே எதற்கு வைக்கிறான்?

பதில் அதே வாரம், உலைக்குப் பக்கத்தில் கிடைத்தது. அங்கே புகையை இழுக்கிற இரண்டு பெரிய ப்ளோயர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். வருடக்கணக்காகக் கேட்ட சத்தம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஒரே இரைச்சல் இல்லை, வொய்ங்... வொய்ங்... என்று அலை அலையாக எழுந்து அடங்குகிறது. பக்கத்தில் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்த பிட்டரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே ஸ்பீடுல ஓடாதுப்பா. ஒண்ணு கொஞ்சம் சோம்பேறி" என்றார். "மச்சான்காரன மாதிரி, பின்னாடியே வரும்."

கையிலிருந்த வார்ப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அந்த அலைதான் கேசட்டில் கேட்பது. இரண்டு குரல், ஒன்று மயிரிழை சோம்பேறி. ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே போவதுதான் அந்தச் சத்தத்தின் உயிர். தப்பு என்று நினைத்து நான் திருத்தியது அதைத்தான்.

மறுநாள் காலையில் ஒரே சத்தத்தை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒன்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். கேசட்டில் ஒரு மூச்சுக்கு எத்தனை அலை என்று விரல் விட்டு எண்ணி, அதே கணக்குக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசவேண்டும் என்று மாற்றினேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும்படி செய்தேன். அதற்கே நான்கு நாள் போயிற்று. கடைசியாகச் சத்தத்தின் வாய். பழைய பெட்டியில் ஒரு திருகு உண்டு, அதைத் திருகினால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் சத்தம் மங்கும், திறந்தால் பளிச்சென்று வரும். கேசட்டில் அப்படி மங்கிப் பளிச்சிட்டுக்கொண்டே இருந்தது. அதைத் தானாகவே நடக்கும்படி கீபோர்டில் அமைத்துவிட்டேன். பதினெட்டாவது நாள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "இன்னும் எத்தன வாட்டிதான் அந்த கேசட்ட போடுவ? பேஜாரா கீது" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டேன். இரண்டு தட்டு ஸ்டாண்டில், மேல் தட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பழைய பெட்டி. கீழ்த் தட்டில் என் கீபோர்டு, முன்னால் சிவப்புத் துணி தொங்கும். வாசிக்கப்போவது கீழே இருப்பதை. சுவிட்சைப் போடாமல், ஒயரை மட்டும் பழைய பெட்டியிலிருந்து பிளக் வரைக்கும் இழுத்துத் தொங்கவிட்டேன். அதுவும் வீட்டில் ஒத்திகை பார்த்து.

கல்யாணம் கும்மிடிப்பூண்டியில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். ஏழு மணிக்கே போய் எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். எட்டு மணிக்கு அக்கா பட்டுப்புடவையில் ஒரு தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லி. "பொட்டு வெச்சுட்டுப் போறேன்" என்று பழைய பெட்டிக்குச் சந்தனம் இட்டார், பூ வைத்தார். பிறகு, காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளை நெற்றியில் கை வைப்பார்களே, அப்படி உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

கையை எடுக்கவில்லை.

"எப்போ போட்ட தம்பி?"

"ஏழு மணிக்கே போட்டாச்சுக்கா."

"ஏழு மணிக்குப் போட்டா இந்நேரத்துக்குக் கொதிக்கணுமே. ஜில்லுனு கீது."

பூனை படுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒயரை ஒத்திகை பார்த்தேன், துணியை ஒத்திகை பார்த்தேன், சூடு ஒன்று இருப்பதை மறந்துபோனேன். அதற்குமேல் வாயில் பொய் வரவில்லை. திறந்தது, திருகியது, பொடிந்தது, ரிச்சி தெரு, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். அக்கா ஸ்பீக்கர் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ ஆச்சு இது?"

"இருவது நாளுக்கா."

"இருவது நாளு என் கையால சோறு வாங்கித் துன்ன. வாயத் தொறக்கல நீ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குங்குமத் தட்டைக் கீழே வைத்தார். யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "வரேன்னு சொல்லு" என்றார். பிறகு என்னிடம், "அந்தத் துணிய எடு. இன்னா வெச்சிருக்கன்னு கேக்கறேன்" என்றார்.

சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்தேன். முதல் சுரத்திலேயே அவர் முகம் நிமிர்ந்தது. முடிகிறவரை அசையவில்லை.

"சத்தம் அவனுதுதான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா அவன் இல்ல."

"இன்னாக்கா?"

"ஒண்ணு போலவே போவுதே, காத்தாடி சுத்தறாப்பல. என் தம்பிக்கு இடது கை சும்மாவே இருக்காது. சோறு பிசையறாப்பல அந்தத் திருக திருவிக்கினே இருப்பான். ஏறி வாசிக்கற எடத்துலதான் பொசுக்குனு மூடிடுவான். எல்லாரும் இன்னாடான்னு பாப்பாங்க. சிரிச்சுக்கினே தொறப்பான்."

கேசட்டில் அது இருந்திருக்கிறது. இருபது நாள் கேட்டும் எனக்கு விழவில்லை. மங்கிப் பளிச்சிடுகிறது என்று தெரிந்ததே தவிர, அது ஒரு மனுஷனுடைய கை என்று தோன்றவில்லை. மெஷின் வேலை என்று நினைத்து மெஷினிடமே விட்டுவிட்டேன்.

"கையால பண்ண முடியுமா, முடியாதா?" என்றார்.

"முடியும்க்கா" என்றேன். எப்படி என்று தெரியாமலே சொன்னேன்.

என் கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. சுரத்தை நடுங்க வைப்பதற்கானது. அதை வேறு வேலைக்கு மாற்றலாம் என்று கெமிஸ்ட் ஒரு பக்கத்தை வாசித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. நோட்டைப் புரட்டி, நான் வரைந்து வைத்திருந்த எழுத்துகளைத் திரையில் தேடித் தேடி அமுக்கினேன். தானாக நடந்ததை நிறுத்தி, சத்தத்தின் வாயை அந்தச் சக்கரத்தில் கட்டினேன். சேவ் செய்யப் பயம். அவசரத்தில் பட்டன் மாறிவிட்டால் இருபது நாள் உழைப்பும் அழிந்துவிடும். சேவ் செய்யாவிட்டாலும் கரண்ட் போனால் இந்த மாற்றம் போச்சு. மண்டப எலெக்ட்ரீஷியனிடம் ஓடி, லைன் இருக்கும்போதே ஜெனரேட்டருக்கு மாற்றிவிடச் சொன்னேன். "கரண்டுதான் கீதேப்பா" என்றார். "போயிடும்ணா" என்று கெஞ்சினேன். தலையில் அடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் அழிந்ததை நோட்டைப் பார்த்து மறுபடி அமைத்தேன்.

பட்டம் கட்டும் நேரம் வந்தது. பெரியப்பா மகன் தகட்டை எடுத்தார். நாகஸ்வரம் நின்றது. அக்கா, தன் மகளுக்குப் பக்கத்தில் நிற்காமல், மேடை ஓரமாக என் பக்கம் வந்து நின்றுகொண்டார். சிவப்புத் துணியைக் கழற்றிப்போட்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று.

வாசித்தேன். வலது கைக்கு மெட்டு பாடம். இடது கை சக்கரத்தில் இருந்தது. அது நடுங்கியது, நிறுத்த முடியவில்லை. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தம் மூடித் திறந்து, பாதி திறந்து, மறுபடி மூடி, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. மெட்டு உச்சிக்கு ஏறுகிற இடத்தில் அக்கா சொன்னதுபோலச் சட்டென்று மூடினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. வழக்கமாக அந்தப் பார்வைக்குத்தான் நான் செத்துப் பிழைப்பேன். ஒரு மூச்சு பொறுத்தேன். திறந்தேன். பின்னால் யாரோ ஒரு பெரியவர், "அட, நம்ம பையன் வாசிப்பானே, அது" என்றார்.

நெற்றியில் பட்டத்தோடு அந்தப் பெண் தலை நிமிர்ந்து அம்மாவைத் தேடியது. அக்கா பழைய பெட்டியின்மேல் கை வைத்தபடி நின்றிருந்தார்.

மெட்டு முடிந்தபின்னும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தாலி கட்டி, அட்சதை விழுந்து, நாகஸ்வரம் அதன் போக்கில் போய், முதல் பந்திக்குக் கூட்டம் எழுந்தபிறகும், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"போதும்டா. எல போட்டு ஆறிப் போவுது, வந்து துன்னு."

அதுவரை என்னைத் தம்பி, நீ என்பார். 'டா' என்று அன்றைக்குத்தான் கூப்பிட்டார்.

பெட்டியை மறுநாளே ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு குரலோடு பேசுகிறது, சூடாகிறது. நான் இன்னும் கதவை இழுத்துப் பார்க்கிறவன்தான், அது மாறவில்லை. ஆனால் எந்தச் சத்தம் அமைத்தாலும் ஒரு குரலை மயிரிழை சோம்பேறியாகவே விட்டுவைக்கிறேன். யார் எதை நம்பிக் கொடுத்தாலும், அதில் தப்பாகத் தெரிவதைத் திருத்தப் போகுமுன் அது யாருடைய கை என்று கேட்டுக்கொள்கிறேன். கெடுத்துவிட்டால் அன்றைக்கே, அடுத்த வேளைச் சோற்றுக்குத் தட்டை நீட்டுவதற்கு முன்பே, சொல்லிவிடுகிறேன்.